கீபோர்டு செத்தால் யார் குற்றம்? ஃபர்ம்வேரின் இன்டரப்ட் பிழைகளும் கர்னலின் பொறுப்பும்: கேள்வி பதில்

புது மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன், எல்லாம் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்ற புகார் 2022 முதல் நிறைய வந்தது. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். சாதனத்தின் இன்டரப்ட் எப்படி வரும் என்று ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்து வரும் அடிப்படை மென்பொருள்) எழுதி வைத்திருப்பது ஒன்று, கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) எடுத்துக்கொண்டது வேறொன்று. கீழே உள்ள பதில்கள் லினக்ஸ் கர்னலை வைத்து, முக்கியமாக இன்டெல், ஏஎம்டி கணினிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

இன்டரப்ட் அமைப்புப் பிழை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு சாதனம் பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல்தான் இன்டரப்ட். அது எந்தக் கம்பியில் வருகிறது, எந்த எண்ணில் வருகிறது, எந்த வகையில் வருகிறது என்பது மதர்போர்டை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். அவர் அந்த விவரத்தை ஃபர்ம்வேரில் (பழக்கதோஷத்தில் இன்னும் பயாஸ் என்கிறோம்) அட்டவணைகளாக எழுதி வைக்கிறார். கர்னல் பூட் ஆகும்போது அவற்றைப் படித்து, இன்டரப்ட்களைப் பிரித்து அனுப்பும் ஐஓ-ஏபிக்கை அதற்கேற்ப செட் செய்கிறது. அட்டவணையில் எண்ணோ வகையோ தவறாக இருந்தால், அல்லது இருக்க வேண்டிய வரியே விடுபட்டிருந்தால், அதுதான் இங்கே பேசப்படும் பிழை. சாதனம் பழுதில்லை, டிரைவரும் சரிதான், ஆனாலும் வேலை நடக்காது.

எந்த அட்டவணைகள்?

ஏசிபிஐ (வன்பொருள் விவரத்தை ஃபர்ம்வேர் ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் முறை) தரம் வகுத்தவை. அதன் முதல் பதிப்பு 1996-ல் வந்தது. நமக்கு இங்கே இரண்டு போதும்.

எம்ஏடிடி என்பது இன்டரப்ட் கன்ட்ரோலர்களின் பட்டியல். ஐஎஸ்ஏ (பழைய பிசிக்களின் இணைப்பு முறை) காலத்திலிருந்து வரும் 16 இன்டரப்ட்கள், அதாவது 0 முதல் 15 வரை, வழக்கப்படியே இருந்தால் அதில் ஒன்றும் எழுத வேண்டாம். வழக்கத்திலிருந்து மாறுபவற்றுக்கு மட்டும் ‘ஓவர்ரைடு’ என்று ஒரு வரி இருக்கும். 0-ஆம் எண் டைமர் ஐஓ-ஏபிக்கின் 2-ஆம் பின்னுக்கு (கம்பி வந்து சேரும் முனை) போகிறது என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் உண்டு.

டிஎஸ்டிடி என்பது ஒவ்வொரு சாதனத்தின் விவரத்தையும் பைட்கோடாக (கர்னல் இயக்கிப் படிக்கும் குறியீடாக) வைத்திருப்பது. கீபோர்டு கன்ட்ரோலர் 1-ஆம் எண்ணில், இன்ன வகையில் கூப்பிடும் என்று அங்கேயும் எழுதியிருக்கும். ஆக, ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு இடத்தில் பேச்சு. இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? பாதித் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

வகை என்றால்? எட்ஜ், லெவல் என்கிறார்களே, அதுவா?

அதுவும், கூடவே துருவமும். காலிங் பெல்லை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருப்பது எட்ஜ். கதவு திறக்கும்வரை விரலை எடுக்காமல் நிற்பது லெவல். துருவம் என்பது கம்பியில் மின்னழுத்தம் ஏறினால் அழைப்பா, இறங்கினால் அழைப்பா என்பது. ஐஎஸ்ஏ வழக்கம் எட்ஜ், ஏறினால் அழைப்பு. ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ இணைப்பின் கம்பிகளும், பவர் பட்டன் முதலியவை வந்து சேரும் எஸ்சிஐ இன்டரப்ட்டும் தரப்படி லெவல், இறங்கினால் அழைப்பு. எஸ்சிஐ வழக்கமாக 9-ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

தவறினால் விளைவும் இரண்டு மாதிரி. இறங்கினால் அழைப்பு என்ற கம்பியை, ஏறினால் அழைப்பு என்று லெவல் வகையில் செட் செய்துவிட்டால், சும்மா இருக்கும் கம்பியே ஓயாமல் கூப்பிடுவதுபோல் தெரியும். பிராசஸர் அதற்குப் பதில் சொல்லியே மாளும். லெவலாக வரவேண்டியதை எட்ஜாக வைத்தால் சத்தமே இருக்காது. ஓர் அழைப்பு தவறினால் அத்தோடு சாதனம் மௌனமாகிவிடலாம். கண்டுபிடிக்கக் கஷ்டமானது இந்த இரண்டாவது.

2022-ல் கீபோர்டுகளுக்கு உண்மையில் என்ன ஆயிற்று?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லினக்ஸ் கர்னலில் அதற்கு முன்பு ஒரு விதி இருந்தது. பழைய 16 இன்டரப்ட்களுக்கு டிஎஸ்டிடி சொல்வதும் எம்ஏடிடி சொல்வதும் மாறுபட்டால், டிஎஸ்டிடியை ஒதுக்கிவிட்டு எம்ஏடிடியை எடுத்துக்கொள். தப்பும் தவறுமாக எழுதப்பட்ட டிஎஸ்டிடிகளைச் சமாளிக்கவே அந்த விதி. எம்ஏடிடியில் அந்த எண்ணுக்கு வரியே இல்லை என்றால்? ஐஎஸ்ஏ வழக்கம்தான், எட்ஜ், ஏறினால் அழைப்பு.

பிறகு ஏஎம்டி ரைசன் 6000 மடிக்கணினிகள் வந்தன. அவற்றில் கீபோர்டு இன்டரப்ட் நிஜமாகவே இறங்கினால் அழைப்பு என்ற வகை. டிஎஸ்டிடியில் அப்படியே சரியாக எழுதியிருந்தது. கர்னல் தன் விதிப்படி அதை அழித்துவிட்டு ‘எட்ஜ், ஏறினால்’ என்று மாற்றிக்கொண்டது. கீபோர்டு போச்சு. இன்டெல் பிராசஸர் கொண்ட ஆசுஸ் விவோபுக் கே3402இசட்ஏ, கே3502இசட்ஏ மாடல்களிலும் இதே கதை. ஆக, தவறான ஃபர்ம்வேருக்காக எழுதிய மருந்து, சரியாக எழுதிய ஃபர்ம்வேரைக் கொன்றது.

ஆசுஸ் மாடல்களைப் பெயர் சொல்லி ஒரு விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். ஏஎம்டிக்கு அப்படிச் செய்யவில்லை. இனி வரும் ஒவ்வொரு மாடலையும் கர்னலுக்குள் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று, ஏஎம்டியின் ஜென் வகைப் பிராசஸர் (ரைசன் வரிசை இதில்தான் வரும்) எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த விதியையே நிறுத்தினார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் ஜென் பிராசஸர் இருந்தும் பழைய விதியால் மட்டுமே கீபோர்டு ஓடிக்கொண்டிருந்த சில மடிக்கணினிகள் வெளியே இருந்தன. அவற்றில் கீபோர்டு நின்றது. உடனே எதிர்த்திசையில் இன்னொரு பட்டியல்: இந்த மாடல்களுக்கு மட்டும் பழைய விதியைப் பின்பற்று.

2023-ல் இந்தக் குழப்பத்தை ஒரேயடியாகத் துடைக்க ஜென் விலக்கையும் அதன் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் கர்னல் டெவலப்பர் ஹான்ஸ் டி கோட் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, விதியைக் குறுக்கினார். கீபோர்டு, மவுஸ் இரண்டுக்குமான இன்டரப்ட்களைத் தவிர மற்றப் பழைய இன்டரப்ட்களுக்கு எப்போதும் எம்ஏடிடி. ஜென் கணினியில் கீபோர்டுக்கு எம்ஏடிடியில் வெளிப்படையாக ஒரு வரி இருந்தால் அதற்கு மதிப்பு, இல்லையென்றால் டிஎஸ்டிடி.

கடைசியில் எட்டிய அந்த இடம் கவனிக்கத்தக்கது. எம்ஏடிடியில் எழுதியிருப்பது வேறு, எழுதாததை வைத்து நாமாக ஊகித்துக்கொண்டது வேறு. முதல் விதி இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. ஃபர்ம்வேர் ஓரிடத்தில் வாயைத் திறக்காமலும் இன்னோரிடத்தில் தெளிவாகச் சொல்லியும் இருந்தால், சொன்னதை விட்டுவிட்டு மௌனத்தை நம்புவது கர்னலின் தவறு. பயாஸ்காரர்களைத் திட்டுவதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. இது அந்த இடமல்ல.

விண்டோஸில் ஓடுகிறதே, அப்போது பயாஸ் சரிதான் என்று அர்த்தமா?

இல்லை. விண்டோஸ் அந்த வரியைப் படிக்காமலோ, வேறு மாதிரி புரிந்துகொண்டோ தப்பித்திருக்கலாம். ஆனால் நடைமுறை உண்மை என்னவென்றால், பெரும்பாலான மடிக்கணினிகள் விண்டோஸில் சோதிக்கப்பட்டுத்தான் கடைக்கு வருகின்றன. தரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சோதிக்கப்பட்ட பாதை அது ஒன்றுதான். அதனால்தான் நீ எந்த ஓஎஸ் என்று ஃபர்ம்வேர் கேட்கும்போது லினக்ஸும் விண்டோஸ் பெயர்களுக்கெல்லாம் ‘ஆம்’ என்கிறது, ‘லினக்ஸா?’ என்றால் ‘இல்லை’ என்கிறது. வேடிக்கைதான், ஆனால் சரியான முடிவு.

அட்டவணையை நம்புவதற்குப் பதில் கர்னலே சோதித்துப் பார்க்கலாமே?

முடிந்த இடத்தில் செய்கிறது. என் கணக்கில் அதுதான் முதல் வழியாக இருக்க வேண்டும். டைமர் இதற்கு நல்ல உதாரணம். எக்ஸ்86 கர்னல் டைமர் இன்டரப்ட்டை அட்டவணை சொன்னபடி ஐஓ-ஏபிக்கில் செட் செய்துவிட்டு, 10 டிக் (டைமரின் துடிப்பு) நேரம் காத்திருந்து எண்ணிப் பார்க்கிறது. நாலுக்கு மேல் வந்திருந்தால் சரி. ஒன்றிரண்டு வந்துவிட்டு நின்றுபோகும் போர்டுகளும் உண்டு என்பதால் ஒன்று வந்ததும் நம்பிவிடுவதில்லை. வரவில்லை என்றால் டைமர் ஐஓ-ஏபிக்கில் இணைக்கப்படவில்லை, இது பயாஸ் பிழை என்று பதிவு செய்துவிட்டு, பழைய இன்டரப்ட் கன்ட்ரோலரான 8259ஏ சிப் வழியாக முயல்கிறது. அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வழி, அப்புறம் அதற்கும் அடுத்தது. எல்லாம் தோற்றால்தான் பேனிக், அதாவது கர்னல் கைவிரித்து நின்றுவிடும். அந்தப் பேனிக் செய்தியிலும் இன்ன விருப்பத்தோடு (பூட் வரியில் சேர்க்கும் ஆப்ஷன்) பூட் செய்து அறிக்கை அனுப்பு, பிறகு நோஏபிக் (ஐஓ-ஏபிக்கை விட்டுவிடும் விருப்பம்) போட்டுப் பார் என்று வழி சொல்லியிருக்கும்.

கீபோர்டு அப்படியில்லை. டைமர்போல விட்டால் தானே துடிக்கும் சாதனமல்ல அது. அதோடு, துருவம் தவறியிருந்தாலும் எட்ஜ் வகையில் ஏதோ ஒரு அழைப்பு தப்பான நேரத்தில் வந்து சேரலாம். வந்ததை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது.

டைமரிலும் அட்டவணை வம்பு இல்லாமலில்லை. என்விடியா என்ஃபோர்ஸ்2 போர்டுகளின் பயாஸில் டைமருக்கான ஓவர்ரைடு வரியே தவறு. அதைப் புறக்கணிக்க ஒரு பூட் விருப்பம் சேர்த்தார்கள். பிறகு வந்த சில என்விடியா போர்டுகளுக்கு அதே வரி கட்டாயம் தேவைப்பட்டது. அதற்கு எதிர் விருப்பம் ஒன்று. இரண்டும் கர்னல் ஆவணத்தில் உள்ளன.

பூட் ஆனபிறகு பிழை வெளிப்பட்டால்?

அப்போது ஒரு கணக்கு ஓடுகிறது. ஓர் எண்ணில் வந்த 1,00,000 இன்டரப்ட்களில் 99,900-க்கு மேல் எந்த டிரைவரும் ‘இது என்னுடையது’ என்று ஏற்கவில்லை என்றால், ‘நோபடி கேர்ட்’ (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற பெயர்பெற்ற செய்தியை எழுதிவிட்டு கர்னல் அந்த எண்ணை மூடிவிடும். மூடியபிறகும் வினாடிக்குப் 10 முறை அந்த டிரைவர்களைத் தட்டிப் பார்க்கும். அதனால்தான் அந்த எண்ணைப் பகிர்ந்துகொண்ட அப்பாவிச் சாதனம் ஒன்று முற்றிலும் சாகாமல் தடுமாறித் தடுமாறி ஓடுவதைப் பார்க்கலாம். மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் கர்னல் பதிவில் (லாக்) இந்தச் செய்தி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

முழுக் கணினியும் தொங்குவதைவிட ஒரு கம்பியை இழப்பது மேல். இந்த ஏற்பாட்டில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

சில சமயம் ஒரு வசதியையே கர்னல் அணைத்துவிடுகிறதே, அது அதிகப்படி இல்லையா?

எந்த வசதி என்பதைப் பொறுத்தது. ஏஎம்டி கணினிகளில் இன்டரப்ட் ரீமேப்பிங் (சாதனங்களின் இன்டரப்ட்களைச் சரிபார்த்து மாற்றி அனுப்பும் வசதி) வேலை செய்ய, ஐவிஆர்எஸ் என்ற அட்டவணையில் ஐஓ-ஏபிக் சரியான அடையாளத்தோடு இருக்க வேண்டும். சில பயாஸ்களில் அது இருக்காது அல்லது தவறாக இருக்கும். டைமர் அந்த ஐஓ-ஏபிக்கோடுதான் இணைந்திருக்கிறது. அப்படியே ரீமேப்பிங்கை ஆன் செய்தால் பூட்டிலேயே பேனிக். ஆகவே கர்னல் முன்கூட்டியே சரிபார்த்து, ‘ஃபர்ம்வேர் பக்’ என்று எழுதி, ரீமேப்பிங்கை அணைத்துவிட்டு மேலே போகிறது. சரியான அடையாளம் தெரிந்தவர் பூட் வரியில் தானே கொடுத்துக்கொள்ளலாம்.

இன்டெல் 5500, 5520 சிப்செட்களில் ரீமேப்பிங்கிலேயே வன்பொருள் குறை. பயாஸ் அதை அணைத்து வைத்திருக்க வேண்டும். அணைக்காத பயாஸ்களுக்காக 2013-ல் கர்னலே அணைக்கத் தொடங்கியது.

ஆனால் ரீமேப்பிங் வெறும் சௌகரியம் அல்ல. விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த சாதனம், பொய்யான இன்டரப்ட்களை அனுப்பி ஹோஸ்டை (அதை ஓட்டும் கணினியை) தாக்காமல் தடுப்பது அதுதான். எனவே அணைத்ததைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, சாதனத்தையும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் தப்பு. லினக்ஸில் சாதனங்களை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ இந்த நிலையில் மறுத்துவிடுகிறது. அபாயம் தெரிந்தே செய்கிறேன் என்று நிர்வாகி தனியாக ஒரு விருப்பத்தை ஆன் செய்தால்தான் விடும். வசதி குறைந்தால் கர்னல் தானாக முடிவெடுக்கலாம். பாதுகாப்பு குறைந்தால் மனிதரின் கையெழுத்து வேண்டும்.

பிழையுள்ள ஃபர்ம்வேரில் பூட்டே ஆகமாட்டேன் என்று கர்னல் அடம்பிடித்தால், கம்பெனிகள் திருத்துவார்களே?

திருத்தமாட்டார்கள். விண்டோஸ் பூட் ஆகிறது, பொருள் விற்கிறது. அடி வாங்குவது வாங்கியவர் மட்டும்.

பதிவில் ‘ஃபர்ம்வேர் பக்’ என்று பார்த்தால் பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கர்னலில் இதற்கு மூன்று முன்னொட்டுகள் உண்டு. ஃபர்ம்வேர்தான் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ‘பக்’. கர்னலே ஏதாவது குளறுபடி செய்திருக்கவும் கூடும் என்ற இடத்தில் ‘வார்ன்’. சந்தேகமாக இருக்கிறது, ஆனால் தீங்கில்லை என்றால் ‘இன்ஃபோ’. பயாஸ் எழுதுபவர் கர்னல் கோடைத் திறக்காமல், செய்தியைப் படித்தே பிழையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இவற்றுக்கான விளக்கக் குறிப்பு சொல்கிறது. நல்ல அளவுகோல். எல்லாச் செய்திகளும் அதை எட்டுகின்றன என்று சொல்லமாட்டேன்.

ஆர்ம் கணினிகளில் இந்தத் தொல்லை இல்லையா?

அங்கே பல போர்டுகளில் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு இந்த வேலையைச் செய்கிறது, தவறுகளும் அதே மாதிரிதான். ஆர்ம் டைமரின் இன்டரப்ட் லெவல் வகையாகத்தான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது எழுதியிருந்தால் டைமர் டிரைவர் ‘செல்லாத வகை, லெவல் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று எச்சரித்துவிட்டு, அடுத்த வரியில் ‘தயவுசெய்து உங்கள் ஃபர்ம்வேரைச் சரிசெய்யுங்கள்’ என்கிறது. சரியான விடை ஒன்றே ஒன்று என்னும்போது இப்படி நேரடியாகத் திருத்திக்கொள்வதுதான் சுருக்கமான வழி.

மாடல் பெயர்ப் பட்டியல்கள் வளர்ந்துகொண்டே போனால் கர்னல் குப்பை ஆகாதா?

ஆகும். ஆனாலும் பொதுவிதி என்று ஒன்றை எழுதினால் அது நீங்கள் பார்த்தேயிராத ஆயிரம் மாடல்களையும் தொடுகிறது. பட்டியலில் ஒரு வரி, எழுதியிருக்கும் மாடலை மட்டும் தொடும். ஆசுஸ் பட்டியலால் வேறு யாருடைய கீபோர்டும் சாகவில்லை. ஜென் பொதுவிதியால் செத்தது. அசிங்கமாக இருந்தாலும் குறுகலான திருத்தம் மேல் என்பதே என் கட்சி. தரத்தில் ஆதாரம் காட்ட முடிகிறபோதுதான் பொதுவிதிக்குப் போகலாம்.

எம்எஸ்ஐ (செய்தி வழி இன்டரப்ட்) வந்தபிறகும் இதெல்லாம் தேவையா?

எம்எஸ்ஐயில் சாதனம் கம்பியை ஆட்டுவதில்லை, ஒரு நினைவக முகவரியில் எழுதி அழைக்கிறது. துருவம், பின் என்ற பேச்சுக்கே இடமில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டி, நெட்வொர்க் கார்டு எல்லாம் அந்த வழிக்கு மாறிவிட்டதால் பிழைகள் குறைந்தன. பவர் பட்டன், பல மடிக்கணினிகளின் கீபோர்டு இவையெல்லாம் இன்னும் பழைய வழியில்தான்.

என் கணினியில் இதுதான் பிரச்சினையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப்ராக் கோப்புறையில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி, கடைசியில் டிரைவர் பெயர். கீபோர்டு என்றால் ஐ8042 என்று முடியும் வரி, அதில் எட்ஜா லெவலா என்பதும் இருக்கும். விசையைச் சில முறை தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் அழைப்பு வந்து சேரவில்லை. பிறகு பூட் பதிவில் 1-ஆம் எண்ணை ‘ஓவர்ரைடு’ செய்ததாக வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

முதலில் பயாஸ் அப்டேட், அடுத்துப் புதிய கர்னல். இரண்டிலும் தீராவிட்டால் பூட் விருப்பங்கள். ஏசிபிஐயை முழுக்க அணைக்கும் விருப்பம் சோதனைக்கு மட்டும். அதை நிரந்தரமாக வைத்தால் பேட்டரி அளவு, தூக்க நிலை எல்லாம் கூடவே போகும். ‘ஐஆர்க்யூபோல்’ ஒவ்வொரு டைமர் அடிக்கும் எல்லா டிரைவரையும் கேட்டுக்கொண்டிருக்கும். உயிர் பிழைக்க உதவும், வேகத்தைத் தின்னும். புகார் எழுதும்போது முழு பூட் பதிவு, ஏசிபிஐ அட்டவணைகளின் நகல், பயாஸ் பதிப்பு, கணினியின் சரியான மாடல் பெயர் நாலையும் சேர்த்துவிடுங்கள். மாடல் பெயர் ஒரு எழுத்து தவறினாலும் விலக்குப் பட்டியலில் அது பொருந்தாது.

கீபோர்டே ஓடாதபோது பூட் விருப்பத்தை எப்படி டைப் செய்வது?

பெரும்பாலும் ஓடும். கிரப் (கர்னலை ஏற்றும் பூட்லோடர்) மெனு வரும்போது கீபோர்டைப் படிப்பது ஃபர்ம்வேர், கர்னல் இன்னும் வரவில்லை. மெனுவில் ஓடி, கர்னல் ஏறியதும் நின்றால் அதுவே நல்ல துப்பு: கீபோர்டு பழுதில்லை. உள்ளே போனபிறகு ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிக்கொள்ளுங்கள். அது வேறு வழியில் வருவதால் 1-ஆம் எண்ணின் சண்டை அதைத் தொடாது.